நானோ கட்டமைப்புப் பொருட்கள்

நானோ கட்டமைப்புப் பொருட்கள் என்பன, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளுள் குறைந்தது ஒரு திசையிலாவது ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவுடைய கூறுகளால் அமைந்த பொருட்கள் ஆகும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அளவில் ஒரு பொருளின் வேதியியல் பெயர் மாறுவதில்லை. ஆனால் அதன் நிறம், மின்கடத்துமை, வேதி வினைத்திறன், உருகுநிலை போன்ற பண்புகள் பெரிதும் மாறக்கூடும். இம்மாற்றங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் இரு முதன்மையான துறைகள் ஒளியுணரிகளும் ஆற்றல் சேமிப்புக் கருவிகளும் ஆகும். ஒளியுணரி, தன்மீது விழும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. மின்கலமும் மீமின்தேக்கியும் மின்னாற்றலைச் சேமித்துப் பின்னர் வழங்குகின்றன. இக்கருவிகள் வெவ்வேறு பணிகளைச் செய்தாலும், இவை அனைத்திலும் மின்னூட்டம் தாங்கிய துகள்கள் ஒரு மேற்பரப்பை அடைவதும் அதனைக் கடப்பதுமே அடிப்படை நிகழ்வாகும். ஆகவே மேற்பரப்பு மிகுந்த நானோ கட்டமைப்புகள் இவ்விரு துறைகளிலும் பயன்படுகின்றன. அதே மேற்பரப்பே இவற்றின் குறைபாடுகள் பலவற்றுக்கும் காரணமாக உள்ளது.

வகைகள்

நானோ கட்டமைப்புகளை, அவை எத்தனை திசைகளில் நானோ அளவைக் கடந்து நீள்கின்றன என்பதைக் கொண்டு வகைப்படுத்துவது வழக்கம்.

• சுழியப் பரிமாணக் கட்டமைப்புகள்: மூன்று திசைகளிலும் நானோ அளவுடையவை. நானோ துகள்களும் குவாண்டம் புள்ளிகளும் இவ்வகையின.
• ஒரு பரிமாணக் கட்டமைப்புகள்: இரு திசைகளில் நானோ அளவும், ஒரு திசையில் அதனினும் மிகுந்த நீளமும் உடையவை. நானோ கம்பிகள், நானோ குழாய்கள், நானோ இழைகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.
• இரு பரிமாணக் கட்டமைப்புகள்: தடிப்பு மட்டும் நானோ அளவில் உள்ள தாள்கள். கிராபீன், மாலிப்டினம் டைசல்பைடு ஆகியவை இவ்வகையின.
• முப்பரிமாணக் கட்டமைப்புகள்: கண்ணுக்குத் தெரியும் அளவுடையனவாயினும் உள்ளே நானோ அளவிலான நுண்துளைகளையோ மணிகளையோ கொண்டவை. நுண்துளைக் கரி இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு.

அளவு சிறுக்கும்போது மாறும் பண்புகள்

மேற்பரப்பு

ஒரு சென்டிமீட்டர் பக்கமுடைய ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 1 நானோமீட்டர் பக்கமுடைய கனசதுரங்களாக வெட்டினால், மொத்தக் கனவளவு மாறாதிருக்க, மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகப் பெருகும். பக்கத்தின் அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ, மொத்த மேற்பரப்பு அத்தனை மடங்கு கூடுகிறது என்பதே இதன் காரணம்.

இதனுடன் தொடர்புடைய மற்றொரு மாற்றமும் உண்டு. ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் 5 விழுக்காடு அணுக்களே மேற்பரப்பில் இருக்கின்றன. 10 நானோமீட்டர் துகளில் இது 20 விழுக்காடாகவும், 3 நானோமீட்டர் துகளில் 50 விழுக்காடாகவும் உயர்கிறது. மேற்பரப்பில் உள்ள அணுக்களுக்கு எல்லாப் பக்கங்களிலும் அண்டை அணுக்கள் இல்லை. அதனால் அவை பிற மூலக்கூறுகளுடன் எளிதில் பிணைகின்றன.

குவாண்டம் அடைப்பு

குறைக்கடத்திகளில், எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் பட்டைகளாக அமைந்துள்ளன. கீழே உள்ள இணைதிறன் பட்டைக்கும் மேலே உள்ள கடத்துப் பட்டைக்கும் இடையில் எதிர்மின்னிகள் இருக்க இயலாத ஆற்றல் இடைவெளி ஒன்று உண்டு. பருமனான பொருளில் இந்த இடைவெளி அப்பொருளுக்கே உரிய மாறாத அளவாகும். எடுத்துக்காட்டாக, சிலிக்கானில் அது 1.12 எதிர்மின்னி வோல்ட்டு. துத்தநாக ஆக்சைடில் ஏறத்தாழ 3.37 எதிர்மின்னி வோல்ட்டு.

துகளின் அளவு மிகவும் சிறுக்கும்போது, எதிர்மின்னி இயங்குவதற்கான இடம் குறுகிவிடுகிறது. இவ்வாறு அடைக்கப்பட்ட எதிர்மின்னியின் தாழ்நிலை ஆற்றல் உயர்வதால் ஆற்றல் இடைவெளி அகல்கிறது. இதற்குக் குவாண்டம் அடைப்பு என்று பெயர். காட்மியம் செலினைடு துகள்கள் இதற்குத் தெளிவான சான்று. ஏறத்தாழ 2 நானோமீட்டர் அளவில் நீல ஒளியை உமிழும் அவை, 6 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியை உமிழ்கின்றன. பொருள் ஒன்றே, அளவு மட்டுமே வேறு.

பயணத் தொலைவு

ஓர் அயனி ஒரு துகளுக்குள் ஊடுருவிப் பரவ ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஒரு பொருளில் அயனியின் பரவல் கெழு நொடிக்கு ஆயிரம் கோடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அவ்வாறாயின் 10 மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 10,000 நொடிகள், அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் சற்று மேல் ஆகும். துகளின் அளவை 100 நானோமீட்டராகக் குறைத்தால் அதே பரவலுக்கு ஏறத்தாழ 1 நொடி போதும். தொலைவு நூறில் ஒன்றாகும்போது நேரம் பத்தாயிரத்தில் ஒன்றாகிறது. ஒரு மின்கலத்தை எவ்வளவு விரைவாக மின்னேற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் இது முதன்மையானது.

வரலாறு

தங்கத்தின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் செந்நிறமாகத் தோன்றுவதை மைக்கேல் பாரடே 1857 இல் ஆராய்ந்து, நிறத்துக்குத் துகள் அளவுடன் தொடர்பு உண்டு என்று காட்டினார். ஒளி பட்டதும் செலினியத்தின் மின்தடை குறைவதை வில்லோபி சிமித் 1873 இல் அறிவித்தார். திண்மப் பொருளைக் கொண்டு ஒளியை உணரும் துறை அங்கிருந்து தொடங்கியது எனலாம்.

1980களின் தொடக்கத்தில் அலெக்சி எக்கிமோவ் கண்ணாடிக்குள் உருவான தாமிர குளோரைடு நுண்படிகங்களிலும், லூயி புரூசு கரைசலில் மிதந்த காட்மியம் சல்பைடு துகள்களிலும் அளவைச் சார்ந்த ஒளிப்பண்பைக் கண்டனர். சீரான அளவுடைய குவாண்டம் புள்ளிகளைக் கரைசலில் ஆக்கும் முறையை மவுங்கி பவெண்டியும் அவருடைய குழுவினரும் 1993 இல் வெளியிட்டனர். இம்மூவருக்கும் 2023 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சப்பானில் சுமியோ இசிமா 1991 இல் கார்பன் நானோ குழாய்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். சோனி நிறுவனம் இலித்தியம்-அயனி மின்கலத்தை முதன்முதலாக வணிக முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டிலேயே ஆகும். மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கான்சுடன்டின் நோவசெலோவும் 2004 இல் கிராபைட்டிலிருந்து ஓர் அணு தடிப்புள்ள கிராபீன் தாளைப் பிரித்தெடுத்தனர். இதற்காக 2010 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். இலித்தியம்-அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், இசுடான்லி விட்டிங்காம், அகிரா யோசினோ ஆகியோர் 2019 இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒளியுணரிகளில் நானோ கட்டமைப்புகள்

செயற்படும் முறை

ஒளி, ஒளியன்கள் எனப்படும் ஆற்றல் பொதிகளாக வருகிறது. ஓர் ஒளியனின் ஆற்றல் குறைக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியை விட மிகுதியாக இருந்தால், அது ஓர் எதிர்மின்னியைக் கடத்துப் பட்டைக்கு உயர்த்துகிறது. கீழே ஒரு துளை எஞ்சுகிறது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்து மின்வாய்களை அடையும்போது மின்னோட்டம் உண்டாகிறது. ஆற்றல் இடைவெளியை விடக் குறைந்த ஆற்றலுடைய ஒளியன், பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் கடந்து சென்றுவிடும்.

உணரக்கூடிய மிக நீண்ட அலைநீளத்தை எளிதாகக் கணக்கிடலாம். 1240 என்ற எண்ணை, எதிர்மின்னி வோல்ட்டில் கூறப்படும் ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். சிலிக்கானுக்கு இது ஏறத்தாழ 1,100 நானோமீட்டர். எனவே சிலிக்கானால் ஆன ஒளிப்படக் கருவிகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் அதையடுத்த அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் மட்டுமே காணவல்லன. துத்தநாக ஆக்சைடுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 368 நானோமீட்டர். ஆகவே அது புற ஊதா ஒளியை மட்டும் உணரும். பகல் ஒளியின் பிற பகுதிகள் அதைப் பாதிப்பதில்லை.

திறனை மதிப்பிடும் அளவுகள்

ஓர் ஒளியுணரியைப் பற்றி அறியப் பின்வரும் அளவுகள் பயன்படுகின்றன.

• துலங்கல் திறன்: ஒரு வாட்டு ஒளிக்குக் கிடைக்கும் மின்னோட்டம்.
• பெருக்கம்: உறிஞ்சப்பட்ட ஓர் ஒளியனுக்கு மின்சுற்றில் ஓடும் எதிர்மின்னிகளின் எண்ணிக்கை.
• இருள் மின்னோட்டம்: ஒளியே இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்.
• துலங்கல் நேரம்: ஒளி தோன்றியதும் குறிப்பு எழவும், ஒளி மறைந்ததும் அது அடங்கவும் ஆகும் நேரம்.
• கண்டறி திறன்: இரைச்சலிலிருந்து எவ்வளவு மங்கலான ஒளியைப் பிரித்தறிய முடியும் என்பதன் அளவு. இதன் அலகு ஜோன்சு எனப்படும்.

620 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஒவ்வோர் ஒளியனும் ஓர் எதிர்மின்னியைத் தந்தால், துலங்கல் திறன் வாட்டுக்கு 0.5 ஆம்பியர் ஆகும். பெருக்கம் இல்லாத ஓர் உணரி அந்த அலைநீளத்தில் இதனை மிஞ்ச இயலாது. ஆனால் சில நானோ கட்டமைப்பு உணரிகளில் இதைவிடப் பன்மடங்கு உயர்ந்த மதிப்புகள் கிடைத்துள்ளன. துளை ஏதேனும் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ள, எதிர்மின்னி மட்டும் தடையின்றி ஓடுவதே இதற்குக் காரணம். துளை விடுபட்டு எதிர்மின்னியுடன் சேரும்வரை, மின்சுற்றில் எதிர்மின்னிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எதிர்மின்னி உணரியைக் கடக்க ஒரு நானோநொடியும், துளை சிக்கியிருக்கும் காலம் ஒரு மில்லிநொடியும் ஆனால், பெருக்கம் 10 இலட்சம் ஆகும்.

இப்பெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. ஒளி அணைந்த பின்னும் அந்த ஒரு மில்லிநொடி அளவிற்கு மின்னோட்டம் நீடிக்கும். துளை நீண்ட நேரம் சிக்கியிருந்தால் உணர்திறன் கூடும்; உணரியின் விரைவு குறையும். ஆகவே பெருக்கத்தை மட்டும் கூறித் துலங்கல் நேரத்தைக் கூறாத ஒப்பீடு முழுமையானதன்று.

துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகள்

இருளில் இக்கம்பிகளின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிசன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு, கம்பியிலிருந்து எதிர்மின்னிகளைக் கவர்ந்து வைத்துக்கொள்கின்றன. கம்பி மெல்லியதாக இருப்பதால் மேற்பரப்பில் நிகழும் இவ்விழப்பு அதன் பெரும்பகுதியைப் பாதிக்கிறது. மின்தடை மிகவும் உயர்கிறது. புற ஊதா ஒளி பட்டதும் உண்டாகும் துளைகள் மேற்பரப்பை அடைந்து, அங்குள்ள ஆக்சிசனின் மின்னூட்டத்தை நீக்கி அதனை விடுவிக்கின்றன. எதிர்மின்னிகள் கம்பிக்குள் தங்குவதால் மின்தடை வீழ்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் 2002 இல் வெளியான ஆய்வில், இவ்வீழ்ச்சி 10,000 முதல் 10 இலட்சம் மடங்கு வரை இருந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஒளி அணைந்ததும் ஆக்சிசன் மெதுவாகவே மேற்பரப்பிற்குத் திரும்புகிறது. எனவே உணரி பழைய நிலையை அடைய நொடிகளோ நிமிடங்களோ ஆகலாம். மேலும் சுற்றியுள்ள வளிமமும் ஈரப்பதமும் அளவீட்டை மாற்றிவிடும்.

ஈய சல்பைடு குவாண்டம் புள்ளிகள்

பருமனான ஈய சல்பைடின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 0.41 எதிர்மின்னி வோல்ட்டு. அதனை ஒரு சில நானோமீட்டர் அளவுள்ள புள்ளிகளாக ஆக்கும்போது, இடைவெளியை விரும்பிய அளவிற்கு உயர்த்தி, சிலிக்கானால் காண முடியாத குற்றலை அகச்சிவப்புப் பகுதிக்கு ஏற்ப அமைக்கலாம். இப்பகுதியில்தான் ஒளியிழைத் தொலைத்தொடர்பில் பயன்படும் 1,550 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது. 1,450 நானோமீட்டர் அருகில் நீர் ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், விளைபொருட்களின் ஈரப்பதத்தை அறியவும் இப்பகுதி உதவுகிறது. இந்தியம் காலியம் ஆர்சனைடு என்னும் குறைக்கடத்தி இப்பகுதியில் நன்கு செயற்படுவதாயினும், அதனைத் தனி அடிமனையில் படிகமாக வளர்த்துப் பின்னர் சிலிக்கான் மின்சுற்றுடன் இணைக்க வேண்டியிருப்பதால் விலை மிகுதி. குவாண்டம் புள்ளிகளையோ மை பூசுவதுபோல நேரடியாகச் சிலிக்கான் சில்லின்மீது பூசலாம்.

இதிலும் ஒரு தடை உண்டு. கரைசலில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க அவற்றின்மேல் ஒலியிக் அமிலம் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் போர்த்தப்பட்டிருக்கும். இவை மின்கடத்தாப் பொருட்கள். பூசிய பின்னர் இவற்றை நீக்கிக் குறுகிய மூலக்கூறுகளை இட்டால்தான் எதிர்மின்னிகள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2006 இல் இம்முறையில் உயர்ந்த உணர்திறனுடைய உணரிகளைச் செய்து காட்டினர்.

இரு பரிமாணத் தாள்கள்

கிராபீனில் எதிர்மின்னிகள் மிக விரைவாக ஓடுகின்றன. ஆனால் ஓர் அடுக்குக் கிராபீன் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 2.3 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சுகிறது. ஆற்றல் இடைவெளி இல்லாததால் அதன் இருள் மின்னோட்டமும் மிகுதி. பார்சலோனாவிலுள்ள ஆய்வாளர்கள் 2012 இல் கிராபீனின்மேல் ஈய சல்பைடு புள்ளிகளைப் பூசினர். புள்ளிகள் ஒளியை உறிஞ்ச, கிராபீன் மின்னோட்டத்தைத் தாங்கிச் சென்றது. இதில் ஓர் ஒளியனுக்கு ஏறத்தாழ 10 கோடி எதிர்மின்னிகள் என்ற அளவில் பெருக்கம் கிடைத்தது. மாலிப்டினம் டைசல்பைடு ஓரடுக்காக இருக்கும்போது ஏறத்தாழ 1.8 எதிர்மின்னி வோல்ட்டு நேரடி ஆற்றல் இடைவெளி உடையது. எனவே அதன் இருள் மின்னோட்டத்தை மிகக் குறைவாக வைக்க முடிகிறது.

ஆற்றல் சேமிப்பில் நானோ கட்டமைப்புகள்

இலித்தியம்-அயனி மின்கலம்

இம்மின்கலத்தில் மின்னேற்றத்தின்போது இலித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து வெளியேறி, மின்பகுளியின் வழியே சென்று எதிர்மின்வாய்ப் பொருளுக்குள் நுழைகின்றன. மின்னிறக்கத்தின்போது அவை திரும்புகின்றன. எதிர்மின்னிகள் வெளிச்சுற்றின் வழியே செல்கின்றன. ஒரு கிராம் பொருள் எவ்வளவு இலித்தியத்தை ஏற்கும் என்பது அதன் கொள்திறனையும், எவ்வளவு விரைவாக ஏற்கும் என்பது மின்கலத்தின் திறனையும், எத்தனை முறை சிதையாமல் ஏற்கும் என்பது அதன் ஆயுளையும் முடிவு செய்கின்றன.

சிலிக்கான் எதிர்மின்வாய்

வழக்கமான கிராபைட்டு எதிர்மின்வாயின் கோட்பாட்டுக் கொள்திறன் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி. அறை வெப்பநிலையில் சிலிக்கானின் கொள்திறன் கிராமுக்கு ஏறத்தாழ 3,579 மில்லிஆம்பியர்-மணி. அதாவது ஒன்பது மடங்கிற்கும் மேல். ஆயினும் இலித்தியத்தை முழுமையாக ஏற்கும் சிலிக்கான் கிட்டத்தட்ட 4 மடங்காகப் பருக்கிறது. கிராபைட்டின் பருமன் அதிகரிப்போ 10 விழுக்காட்டளவே. ஒவ்வொரு மின்னேற்றத்திலும் பருத்து, ஒவ்வொரு மின்னிறக்கத்திலும் சுருங்கும் சிலிக்கான் துகள், சில சுழற்சிகளிலேயே வெடித்துப் பொடியாகி மின்தொடர்பை இழந்துவிடுகிறது.

துகள் போதிய அளவு சிறிதாக இருந்தால் இத்தகைவைத் தாங்கிக்கொள்கிறது. தனித்த சிலிக்கான் துகள்களை ஊடுருவு எதிர்மின்னி நுண்நோக்கியில் பார்த்த 2012 ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் குறைவான விட்டமுடையவை முதல் மின்னேற்றத்தில் வெடிக்கவில்லை என்று காட்டியது. அதற்கு முன்பே 2008 இல், இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உலோகத் தகட்டின்மேல் நேரடியாக வளர்க்கப்பட்ட சிலிக்கான் நானோ கம்பிகள் எதிர்மின்வாயாகச் சோதிக்கப்பட்டிருந்தன. கம்பிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம், அவை பக்கவாட்டில் பருக்க இடம் தருகிறது. ஒவ்வொரு கம்பியும் தகட்டுடன் நேரடி மின்தொடர்பில் உள்ளது.

வெடிப்பு தவிர்க்கப்பட்ட பின்னும் மற்றொரு சிக்கல் எஞ்சுகிறது. எதிர்மின்வாயின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து, ஒரு மெல்லிய திண்மப் படலம் உருவாகிறது. கிராபைட்டில் இப்படலம் ஒருமுறை உருவாகி நிலைத்துவிடுகிறது. மேலும் சிதைவு நிகழாமல் காக்கிறது. சிலிக்கானில், துகள் பருத்துச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் படலம் கிழிந்து புதிய படலம் உருவாவதால், இலித்தியமும் மின்பகுளியும் வீணாகின்றன. துகள் சிறியதாக ஆக மேற்பரப்பு பெருகுவதால் இவ்விழப்பும் பெருகுகிறது. இதைத் தவிர்க்க, 2014 இல் மாதுளம் பழத்தை ஒத்த ஓர் அமைப்பு முன்வைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு சிலிக்கான் துகளும் பருக்கப் போதிய வெற்றிடத்துடன் ஒரு கார்பன் அறைக்குள் இருக்கும். அத்தகைய அறைகள் பல சேர்ந்து, மற்றுமொரு கார்பன் ஓட்டால் மூடப்பட்ட சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டையாக அமையும். மின்பகுளி வெளி ஓட்டை மட்டுமே தொடுவதால் படலம் அங்கேயே உருவாகிறது. விற்பனையில் உள்ள மின்கலங்களில், சிலிக்கானோ சிலிக்கான் ஆக்சைடோ பெரும்பாலும் கிராபைட்டுடன் சிறு பங்காகக் கலந்தே பயன்படுத்தப்படுகிறது.

இலித்தியம் இரும்பு பாசுபேட்டு

டெக்சாசு பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் குழுவினர் 1997 இல் வெளியிட்ட இந்த நேர்மின்வாய்ப் பொருளின் கோட்பாட்டுக் கொள்திறன் கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணி. இதில் கோபால்ட்டு இல்லை, வெப்பத்தில் எளிதில் ஆக்சிசனை விடுவிப்பதில்லை, விலையும் குறைவு. ஆனால் இதன் மின்கடத்துமை மிகவும் குறைவு. மேலும் இலித்தியம் அயனிகள் இதன் படிகத்தில் ஒரே திசையிலமைந்த கால்வாய்கள் வழியாகவே எளிதாகச் செல்கின்றன. நீண்ட கால்வாயில் ஓர் அணு இடம் மாறி அமர்ந்தால் அவ்வழி அடைபட்டுவிடும். துகளின் அளவை நானோ அளவிற்குக் குறைத்து, அதன்மேல் மெல்லிய கார்பன் பூச்சு இடுவதன்மூலம் இவ்விரு குறைகளும் களையப்பட்டன. தொடக்கத்தில் குறைந்த திறனுடைய பயன்பாடுகளுக்கே ஏற்றது எனக் கருதப்பட்ட இப்பொருள், பின்னர் மின்னூர்திகளிலும் மின்வலையமைப்புச் சேமிப்பிலும் பரவலாகப் பயன்படும் பொருட்களுள் ஒன்றாயிற்று. நானோ கட்டமைப்பு ஆய்வகத்தைத் தாண்டிப் பெருந்தொழிலாக மாறியதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

மீமின்தேக்கி

மீமின்தேக்கியில் அயனிகள் மின்வாய்க்குள் நுழைவதில்லை. அவை மின்வாயின் மேற்பரப்பில் அடுக்காகப் படிகின்றன. மின்தேக்கியின் கொள்ளளவு, மேற்பரப்பிற்கு நேர்விகிதத்திலும், எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையிலுள்ள தொலைவிற்கு எதிர்விகிதத்திலும் உள்ளது. மீமின்தேக்கியில் இத்தொலைவு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. மின்வாயாகப் பயன்படும் நுண்துளைக் கரியின் மேற்பரப்போ கிராமுக்கு 1,000 முதல் 2,000 சதுர மீட்டர் வரை இருக்கும். கிராபீனின் கோட்பாட்டு மேற்பரப்பு கிராமுக்கு ஏறத்தாழ 2,630 சதுர மீட்டர்.

மேற்பரப்பு மிகுந்தால் மட்டும் போதாது. துளைகளுக்குள் அயனிகள் செல்லவும் வேண்டும். 1 நானோமீட்டருக்குக் குறைவான துளைகளில் அயனிகள் தம்மைச் சூழ்ந்த கரைப்பான் மூலக்கூறுகளுடன் நுழைய இயலாதாகையால், அவை பயனற்றவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2006 இல் வெளியான ஆய்வு இதற்கு மாறாக, அத்தகைய துளைகளில் கொள்ளளவு உயர்வதைக் காட்டியது. அயனிகள் தம் கரைப்பான் உறையை ஓரளவு நீக்கிவிட்டு நுழைவதால் துளைச் சுவரை மேலும் நெருங்குகின்றன என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம்.

வேதி மாற்றம் இல்லாமையால் மீமின்தேக்கி நொடிகளில் மின்னேறும். பல இலட்சம் சுழற்சிகளைத் தாங்கும். ஆனால் கரி மின்வாய் உடையது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 வாட்டு-மணி மட்டுமே சேமிக்கிறது. இலித்தியம்-அயனி மின்கலங்கள் பல 150 முதல் 250 வாட்டு-மணி வரை சேமிக்கின்றன. சேமிக்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே நீரை விட உயர்ந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் கரிமக் கரைப்பான்கள் பயன்படுத்தப்படுகின்றன. ருத்தேனியம் ஆக்சைடு, மாங்கனீசு டை ஆக்சைடு போன்ற பொருட்கள், மேற்பரப்பை ஒட்டி நிகழும் விரைவான வேதி வினைகளால் கூடுதலான மின்னூட்டத்தைச் சேமிக்கின்றன. டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2011 இல் அறிவிக்கப்பட்ட மாக்சீன்கள் எனப்படும் உலோகக் கார்பைடுத் தாள்களும், அடுக்குகளுக்கு இடையில் அயனிகளை ஏற்றுக்கொள்வதால் இவ்வகையில் ஆராயப்படுகின்றன.

ஆக்கும் முறைகள்

பருமனான பொருளை அரைத்தோ அரித்தோ சிறிதாக்குவது மேலிருந்து கீழ் முறை. அணுக்களையும் மூலக்கூறுகளையும் சேர்த்து வளர்ப்பது கீழிருந்து மேல் முறை. பின்வருவன பரவலாகக் கையாளப்படுகின்றன.

• கூழ்-களி முறை: உலோகச் சேர்மக் கரைசலைக் களியாக்கி, உலர்த்திச் சுட்டு, ஆக்சைடுத் துகள்களையோ படலங்களையோ பெறுதல்.
• நீர்வெப்ப முறை: மூடிய அழுத்தக் கலத்தில் நீர்க்கரைசலைச் சூடாக்கிப் படிகங்களை வளர்த்தல். துத்தநாக ஆக்சைடு கம்பிகளை 100 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையிலும் கரைசலில் வளர்க்க முடியும்.
• ஆவி-நீர்மம்-திண்ம முறை: உருகிய உலோகத் துளி ஆவியிலிருந்து அணுக்களை உட்கொண்டு, தெவிட்டியதும் கம்பியாகக் கீழே படியவிடுதல். பெல் ஆய்வகத்தில் வாக்னரும் எல்லிசும் 1964 இல் இதனை விளக்கினர்.
• சூடான உட்செலுத்தல் முறை: சூடான கரைப்பானில் வினைபொருளைத் திடீரெனச் செலுத்தி, எல்லாத் துகள்களும் ஒரே கணத்தில் தோன்றச் செய்தல். ஒன்றாகத் தோன்றியவை ஒரே அளவில் வளர்வதால் சீரான குவாண்டம் புள்ளிகள் கிடைக்கின்றன.

அளந்தறிதல்

துகளின் உருவத்தை எதிர்மின்னி நுண்நோக்கிகள் காட்டுகின்றன. ஊடுகதிர் விளிம்பு விளைவில், படிகம் சிறிதாகும்போது சிதறல் கோடுகள் அகலமாகின்றன. அவ்வகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் சமன்பாட்டை பால் செரர் 1918 இல் தந்தார். மேற்பரப்பை அறிய, குளிர்ந்த நிலையில் பொருளின்மேல் படியும் நைதரசன் வளிமத்தின் அளவு கண்டறியப்படுகிறது. இதற்கான கோட்பாட்டை புரூனவர், எம்மெட்டு, டெல்லர் ஆகியோர் 1938 இல் வெளியிட்டனர்.

குறைகளும் இடர்களும்

ஆய்வகத்தில் கிடைக்கும் எண்களை நேரடியாகக் கருவியின் பயனாகக் கொள்ள இயலாது. கொள்திறன் பெரும்பாலும் செயற்படு பொருளின் ஒரு கிராமுக்கு எனக் கூறப்படுகிறது. ஆனால் மின்கலத்தின் எடையில் உலோகத் தகடுகள், பிரிப்பி, மின்பகுளி, உறை ஆகியவையும் அடங்கும். மேலும் நானோ துகள்கள் நெருக்கமாக அடுங்குவதில்லை. ஒரு கிராமுக்கு மிகுந்த ஆற்றலைத் தரும் பொருள், ஒரு லிட்டர் இடத்திற்குக் குறைந்த ஆற்றலையே தரலாம். கைப்பேசியிலும் ஊர்தியிலும் இடமும் எடைக்கு நிகரான கட்டுப்பாடாகும்.

ஒளியுணரிகளில் மேற்பரப்புக் குறைகள் இரைச்சலையும் மெதுவான துலங்கலையும் தருகின்றன. குவாண்டம் புள்ளிகள் காற்றில் ஆக்சிசனேற்றம் அடைந்தால் அவற்றின் பண்பு நாளடைவில் மாறும். எனவே காற்றுப் புகாத மூடாக்கு தேவைப்படுகிறது.

ஈயமும் காட்மியமும் நச்சுத்தன்மை உடையவை. ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் ஏற்றுக்கொண்டு 2006 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், மின்னணுக் கருவிகளில் ஒருபடித்தான ஒவ்வொரு பொருளிலும் ஈயத்தை 0.1 விழுக்காட்டிற்கும் காட்மியத்தை 0.01 விழுக்காட்டிற்கும் வரையறுத்தன. சில பயன்பாடுகளுக்கு விலக்கும் அளித்தன. இதனால் இந்தியம் பாசுபைடு போன்ற மாற்றுப் பொருட்களில் குவாண்டம் புள்ளிகளை ஆக்கும் முயற்சிகள் வலுப்பெற்றன. உலர்ந்த நானோ தூள்கள் மூச்சுவழி நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. அவற்றை நீர்மத்தில் கலந்த நிலையிலோ மூடிய அறைகளிலோ கையாள்வது பாதுகாப்பானது.

ஒரு நானோ கட்டமைப்பு பயனுள்ளதா என்பதை, அதன் மேற்பரப்பு தரும் நன்மை அதே மேற்பரப்பால் நேரும் இழப்பை விட மிகுந்துள்ளதா என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. இலித்தியம் இரும்பு பாசுபேட்டில் நன்மை தெளிவாக மிகுந்திருந்தது. சிலிக்கானில் துகளைச் சிறிதாக்குவதோடு நில்லாமல், மின்பகுளி அதன் மேற்பரப்பைத் தொடாதபடி மறைக்கவும் வேண்டியிருந்தது. துத்தநாக ஆக்சைடு கம்பிகளில் பெருக்கத்திற்கும் விரைவிற்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியுள்ளது.